அடக்கம் எங்கே பிறக்கின்றது?

வெகுளியைக் காத்தலும் ஆசையை அடக்குதலும் கல்வியின் தலையாய பயன்கள் என்பது நம் முன்னோர் கொள்கை. திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கும் வெகுளாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். ஆயினும், அடங்காத மாணவனைக் கண்டவிடத்து, "இஃது இவன் பிறவிக்குணம்" என்று கூறி ஒதுக்கிவிடுதல் நம்மிடையே எளிதாக நிகழ்கின்றது. இத்தீர்ப்பு நீதியானதா? மூளையையும் மனத்தையும் ஆராயும் அறிஞர் கண்டவற்றைக் கொண்டு இதனை எண்ணிப் பார்ப்போமாக.

1848ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திலே, புகையிரதப் பாதை அமைக்கும் தொழிலாளர்க்குத் தலைவனாயிருந்த பினியாஸ் கேஜ் என்பானின் இடக்கன்னத்தினூடாக, 13 இறாத்தலுக்கு மேற்பட்ட இரும்புக்கோலொன்று வெடிமருந்தின் விசையாற் புகுந்து உச்சந்தலையைத் துளைத்து வெளியேறிற்று. அவன் உயிர் பிழைத்தான். எனினும், நிதானமுள்ளவனாயிருந்த அவன் பொறுமையும் நிலையுமற்றவனாய் மாறினான் என்று அவனுக்கு மருத்துவஞ் செய்த ஜோன் ஹாலோ 1868இல் எழுதினார். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதிக்கும் ஒழுக்கத்துக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணத்துக்கு இது வித்தாயிற்று. ஆனால், அதே கேஜ் பின்னர்ச் சிலி நாட்டிற் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஊறுபட்ட மூளையும் ஓரளவு தேறக்கூடும் என்பதற்கு அவ்வாழ்வு சான்றாகலாம்.

2002இல் கெவின் ஒக்ஸ்னரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வொன்றுண்டு. வெறுப்பும் துயரும் தரும் படங்களைக் கண்டோர் அவற்றுக்கு வேறு பொருள் கொண்டு நோக்கியபோது, நெற்றிப்புற மூளை மிகுதியாகத் தொழிற்பட்டது. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் கிளர்ச்சி தணிந்தது. உணர்ச்சியை ஆளுதல் பழகிக்கொள்ளத்தக்க ஒரு வித்தை என்பதை இது காட்டுகின்றது. நெற்றிப்புற மூளை இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே செல்வதால், பதினைந்து வயதினனை முடிந்த பொருளாகக் கருதுதல் தகாது.

1960களின் பிற்பகுதியில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் மிஷெல் தொடங்கிய சோதனை உலகறிந்தது. முன்னேயுள்ள இனிப்பொன்றை உண்ணாது காத்திருக்கும் குழந்தைக்கு இரண்டு கிடைக்கும். நெடுநேரம் காத்திருந்தோர் பின்னாளிற் பரீட்சைகளிற் சிறந்தனர் என்று கேட்டவர் பலர், நான்கு வயதிலேயே மனிதரைத் தரம்பிரிக்கலாம் என மயங்கினர். 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. குடும்பநிலை முதலியவற்றைக் கணக்கிற் கொண்டபோது அத்தொடர்பு பெரிதுங் குன்றிற்று.

அதற்கு முன்னரே, றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்ற செலெஸ்ற் கிட் என்னும் பெண்மணி கூரியதொரு வினாவை எழுப்பினார்: காத்திருக்கச் சொல்பவரின் வாக்கைக் குழந்தை நம்பலாமா? அவர் ஆராய்ந்த 28 பிள்ளைகளுள் ஒரு பாதியினருக்கு, நல்ல வர்ணக்கோல்கள் தருவதாகச் சொன்னவர் சொன்னபடி தந்தார், மறுபாதியினருக்குத் தரவில்லை. பின்னர் இனிப்பை வைத்தபோது, முன்னையோர் சராசரி 12 நிமிடமளவும் பின்னையோர் 3 நிமிடமளவுமே காத்திருந்தனர். இவ்வாய்வு 2013இல் வெளிவந்தது.

சிறிய ஆய்வேயாயினும் இதன் பாடம் பெரிது. நாளை என்பது உறுதியற்ற வீட்டிலே பிறந்த பிள்ளை இன்றைய பண்டத்தை இறுகப் பற்றுமாயின், அதனைப் பேதைமை என்று எவ்வாறு கூறுவது? போரும் இடப்பெயர்வுங் கண்ட நம் மண்ணில் இதனை விளக்கவும் வேண்டுமோ?

அங்ஙனமாயின் குற்றமனைத்தையும் மூளைமீதும் வீட்டின்மீதும் ஏற்றிவிடலாமோ எனின், அது பொருந்தாது. பழகினால் வருவதொன்றைப் பழக்காது விடுதல் மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் ஒருங்கே இழுக்காகும். பழக்குமிடம் நம்பத்தக்கதாயிருத்தல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. குறித்த வேளையில் வகுப்புக்கு வருதல், தருவதாகச் சொன்ன பரிசைத் தருதல், செல்வர் மகனுக்கும் எளியவன் மகனுக்கும் ஒரே விதியை வழங்குதல் ஆகிய இவை சிறியனவாகத் தோன்றினும், பிள்ளையின் பொறுமைக்கு அடித்தளமாவன இவையே.

பழைய மாணவராகிய நமக்கும் ஒரு கடனுண்டு. நம் இளைஞருட் சிலரேனும் இத்துறையிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய முன்வரின், அவர்க்கு நாம் கைகொடுத்தல் வேண்டும். புகழ்பெற்ற முடிபையும் மீண்டும் சோதிக்கத் துணிபவரே அறிவை வளர்ப்பவர். அடக்கத்தை மாணவரிடம் கேட்குமுன், வாய்மையை அவர்க்கு நாம் அளித்தல் வேண்டும் என்பது எமது துணிபு.