கண்ணாடி மாதிரி தண்ணி, கண்றாவிக் கணக்கு

மொதல்லயே சொல்லிடறேன். நான் பி.காம் மூணாவது வருஷம். பத்தாவதோட கெமிஸ்ட்ரிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுட்டு வந்தவன். 'உனக்கெதுக்குடா குளோரின், பி.எச். எல்லாம்'னு கேக்கற பி.எஸ்சி. மக்கள் கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. அப்புறமா வந்து கும்முங்க.

போன செமஸ்டர் லீவுல நாங்க ஒம்பது பேர் ஆனைகட்டி பக்கம் ஒரு ஃபார்ம் ஹவுஸ் எடுத்தோம். பேர் வேண்டாம், வம்பு வேண்டாம். நீச்சல் குளம் இருந்துச்சு, அதுக்குப் பக்கத்துலயே சுடுதண்ணி ஜக்குசி ஒண்ணு. ஆனைகட்டி குளிருக்கு அதுல எறங்கினா எவன் எந்திரிப்பான்? நைட்டு பத்து மணிக்கு எறங்குன பயலுக ரெண்டு மணி வரைக்கும் ஊறிக்கிட்டு கெடந்தோம்.

மூணாவது நாள் ஆறு பேருக்கு இடுப்புலயும் தொடையிலயும் செவப்பு செவப்பா கொப்புளம். ஈர டிரவுசர் எங்கெங்க ஒட்டியிருந்துச்சோ அங்கயெல்லாம் கரெக்டா. ஒருத்தன் மட்டன் பிரியாணின்னான், ஒருத்தன் கொசுன்னான். எங்க அம்மா 'கண்ணு, யாரோ கண்ணு வெச்சுட்டாங்க'ன்னு மொளகாய சுத்திப் போட்டாங்க (நெடி வேற வரல, அதனால கண்ணு உறுதி!). கடைசில தோல் டாக்டர் பாத்தவுடனே கேட்ட மொத கேள்வி, 'எந்தத் தொட்டில குளிச்சீங்க?' சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா. மயிர்க்கால்ல புகுந்து வர்ற இந்தக் கொப்புளத்துக்கு வெளிநாட்டுல ஹாட் டப் பேரையே வெச்சிருக்காங்களாம். அஞ்சு பேருக்கு ஒரு வாரத்துல தானா போயிடுச்சு. ஆறாவது ஆளுக்கு சீழ் வெச்சு, காய்ச்சல் வந்து, ரெண்டு இன்டர்னல் எழுதல.

ஓனருக்கு ஃபோன் போட்டேன். சண்டைக்கு இல்லீங்க, சொல்லிடலாமேன்னுதான். அவர் சொன்னது அப்படியே:

"தம்பி, எங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதுங்க. குளோரின் வாசம் கும்முன்னு வந்துச்சா இல்லீங்ளா? அப்பறமென்னங்க?"

இந்த ரெண்டு வாக்கியந்தான் நம்ம ஊரு பூல், ஜக்குசி வியாபாரத்தோட மொத்த தரக்கட்டுப்பாடு. ரெண்டுமே தப்பு. தெளிவா இருக்கறதுக்கும் சுத்தமா இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. பாக்டீரியா கோடிக்கணக்குல இருந்தாலும் தண்ணி பளபளன்னுதான் தெரியும்.

வாசம் விஷயம் இன்னும் மோசம். மூக்கைத் துளைச்சு கண்ணை எரிய வைக்குதே, அது குளோரின் நெறைய இருக்கறதால வர்றது இல்ல. நம்ம வேர்வை, மூத்திரம் (ஆமா மக்களே, மூத்திரம்) இதுல இருக்கற நைட்ரஜன் சமாச்சாரத்தோட குளோரின் சேந்து குளோரமைன்னு ஒண்ணு ஆகுது. அந்த நாத்தந்தான் அது. அதாவது, போட்ட குளோரின் செலவாயிடுச்சு, அழுக்கு மிச்சமிருக்குன்னு அர்த்தம். எங்க பாஷைல சொன்னா, வேலை செய்யற குளோரின் கைல இருக்கற கேஷ். குளோரமைன் வாராக்கடன். புக்குல தொகை நிக்கும், எடுத்து செலவு பண்ண முடியாது. நல்லா பராமரிக்கற குளத்துல வாசம் அவ்வளவா வராது. 'கும்முன்னு வருது'ன்னு ஓனர் பெருமையா சொன்னாரே, அது அவரே எழுதிக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலம்.

கெளம்பும்போது அங்க வேலை பாக்கற அண்ணன் கிட்ட கேட்டிருந்தேன், எவ்வளவு மருந்து போடுவீங்கன்னு. "தண்ணி மங்கலா தெரிஞ்சா ஒரு மக்கு பிளீச்சிங் பவுடர் போடுவனுங்க. தெளிவா இருந்தா எதுக்குங்க?" அவர் மேல எனக்குக் கோவமே இல்ல. அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, கைல ஒரு டெஸ்ட் கிட் கூட குடுக்கல. ஆனா இந்தக் கணக்கை மட்டும் பாருங்க. தொட்டில 1500 லிட்டர் தண்ணி. அமெரிக்காவோட சி.டி.சி. சொல்ற அளவு, பூலுக்கு குறைஞ்சது 1 பிபிஎம் குளோரின், சுடுதண்ணித் தொட்டிக்கு குறைஞ்சது 3. ஒரு பிபிஎம்னா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஆக 1500 லிட்டருக்குத் தேவை வெறும் நாலரை கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடர்ல குளோரின் முப்பது சதவீதம்னு வெச்சா பதினஞ்சு கிராம் பவுடர். ஒரு மக்குல அரைக் கிலோ புடிக்கும்னு வெச்சுக்கங்க, 100 பிபிஎம்! போட்ட அன்னிக்கு தோலை உரிக்கும், போடாத அன்னிக்கு பூஜ்யம். அதுவும் மூட்டையப் பிரிச்சு ஆறு மாசம் ஷெட்ல கெடந்த பவுடர்ல வீரியம் எவ்வளவு மிச்சம்னு அந்த ஷெட்டுக்கே தெரியாது. ஸ்டாக்கை எண்ணாம, கோடவுன் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டே பேலன்ஸ் ஷீட் போட்டா எங்க சார் நோட்டைத் தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சுருவார். இங்க மனுசனோட தோல் மேல அதே கணக்கு.

குளோரினை மட்டும் அளந்தா போதுமான்னா அதுவும் போதாது. இங்கதான் பி.எச். வருது. தண்ணில போடற குளோரின்ல கிருமியக் கொல்றதுல பெரும் பங்கு ஹைப்போகுளோரஸ் அமிலம்ங்கற பகுதிக்குத்தான். பி.எச். 7.5ல குளோரின்ல பாதி அந்த வடிவத்துல இருக்கும். 8 ஆச்சுன்னா கால்வாசிக்கும் கீழ. டெஸ்ட்ல 3 பிபிஎம்னு அழகா காட்டும், வேலை செய்யறது முக்கால் பிபிஎம் கூட இருக்காது. பிளீச்சிங் பவுடரே காரத்தன்மை உள்ளது, போடப் போட பி.எச். ஏறும். ஜக்குசில ஜெட் அடிக்குதே, அந்தக் குமிழி தண்ணில இருக்கற கார்பன் டை ஆக்ஸைடை வெளிய தள்ளி இன்னும் ஏத்தும். சி.டி.சி. சொல்றது 7.0ல இருந்து 7.8க்குள்ள. இந்த பி.எச். கண்டபடி ஆடாம புடிச்சு வெக்கறது அல்கலினிட்டி, அது 80ல இருந்து 120 பிபிஎம்முக்குள்ள இருக்கணும்பாங்க. குறைஞ்சா ஏத்தறதுக்கு அமெரிக்காவுல இருந்து ஒண்ணும் வர வேண்டியதில்ல. நம்ம வீட்டு சோடா உப்புதான்.

இன்னொரு கூத்து, மாத்திரை. டி.சி.சி.ஏ.ன்னு வெள்ளை வட்டமா விக்கறாங்க, மெதுவா கரையும், போட்டுட்டு மறந்துடலாம். வெயில்ல கெடக்கற பெரிய குளத்துக்கு சரி. ஆனா அது கரையும்போது சயனூரிக் அமிலத்தையும் விட்டுட்டுப் போகும். அது வெயில்ல இருந்து குளோரினைக் காப்பாத்தும், கூடவே குளோரினோட வேகத்தையும் குறைக்கும். அதனாலதான் சுடுதண்ணித் தொட்டிக்கு அது வேண்டாம்னே சி.டி.சி. சொல்லுது. நம்மாளுங்க பூலுக்கு வாங்கின டப்பால இருந்து ஒண்ணை எடுத்து ஜக்குசிலயும் போடறாங்க.

இதுல நம்ம கொங்கு மண்ணோட பங்கும் இருக்கு. சிறுவாணித் தண்ணின்னா கோயமுத்தூர்க்காரன் காலரைத் தூக்கி விட்டுப் பேசுவான் (நானுந்தான்). ஆனா ஃபார்ம் ஹவுஸ் தொட்டிய எவன் சிறுவாணில நெப்பறான்? எல்லாம் போர் தண்ணி, இல்லாட்டி லாரித் தண்ணி. போர் தண்ணி வர்ற வீட்டுல கெய்சர் காயிலக் கழட்டிப் பாத்திருக்கீங்களா? சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா அப்பிக் கெடக்கும். தண்ணி சூடாக ஆக, பி.எச். ஏற ஏற கால்சியம் படியும். ஜக்குசி ஹீட்டர்லயும் ஜெட் பைப்லயும் நடக்கறது அதேதான். அந்தப் படிவுல பாக்டீரியா பாய் விரிச்சுப் படுத்துக்கும், மேல போற குளோரின் உள்ள எட்டாது. சரின்னு ஆசிடை அளவில்லாம ஊத்துனா ஹீட்டர் செம்பை அரிக்கும். பல லட்சம் போட்டு வாங்கின மெஷினுக்கு பத்து வருஷ தேய்மானம் எழுதி, அதை நாலு வருஷத்துல தானே தின்னு தீக்கற முதலாளிகளை என்ன சொல்ல?

கூட்டக் கணக்குக்கு வருவோம். 1500 லிட்டர்ல ஆறு பேர், ஆளுக்கு 250 லிட்டர். ஒரு லட்சம் லிட்டர் நீச்சல் குளத்துல இதே நெருக்கத்துக்கு 400 பேரை எறக்கணும். எறக்குவாங்களா? ஜக்குசில அதைத்தான் பண்றோம், அதுவும் வேர்வை கொட்டற சூட்டுல, குளோரின் இன்னும் வேகமா தீர்ற சூட்டுல. லிட்டரை 11ஆல வகுத்து, அதை ஒரு நாளைக்கு எறங்கற ஆளுங்களால வகுத்தா எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்தணும்னு வரும், வெளிநாட்டுல சொல்ற ஒரு தோராய வாய்ப்பாடு இது. 1500 லிட்டர், தினம் பத்து பேர்னா 13 நாள். 'எப்பங்க மாத்துனீங்க'ன்னு நம்ம ஊர்ல கேட்டுப் பாருங்க. 'மழைக்கு முந்தி'ன்னு பதில் வரும்.

"கொப்புளந்தானே, ஒரு வாரத்துல போயிடும்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 1999ல நெதர்லாந்துல போவன்கார்ஸ்பெல்ங்கற ஊர்ல பூக்கண்காட்சி. நம்ம ஊட்டி மலர்க் கண்காட்சி மாதிரி ஜனங்க போயிருக்காங்க. அங்க விளம்பரத்துக்கு வெச்சிருந்த குமிழித் தொட்டில லெஜியோனெல்லா பாக்டீரியா வளந்து, ஆவியோட பரவி, 32 பேர் செத்துப் போனாங்க. யாரும் அதுல குளிக்கல. பக்கத்துல நடந்து போனாங்க, மூச்சு விட்டாங்க, அவ்வளவுதான். வாளையாறு தாண்டினா கேரளா, அங்க மூளையத் தின்னும் அமீபாவால 2024லயும் 2025லயும் உயிர்கள் போயிருக்கு. பெரும்பாலும் கிணறு, குளம், ஆத்துத் தண்ணி வழியாத்தான், ஆனா ஒழுங்கா குளோரின் போடாத நீச்சல் குளமும் அதுக்கு வீடுதான்.

நாமளும் யோக்கியம் இல்ல. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுட்டு அப்படியே குதிக்கறவன், ஷவர் பக்கத்துலயே இருந்தும் காலைக் கூட கழுவாதவன், 'அவசரத்துக்கு' உள்ளயே முடிச்சுக்கறவன், எல்லாரும் எங்க ஒம்பது பேர்லயே இருந்தோம். எவன் எவன்னு சொல்ல மாட்டேன், படிக்கறப்ப அவனுக்கே உறைக்கும். ஆனா ஒரு ராத்திரிக்கு பதினாலாயிரம் வாங்கறது அவரு. சில நூறு ரூபா டெஸ்ட் கிட், ஒரு நோட்டு, ஒரு பேனா. காலைல ஒரு தடவை, ஆளுங்க எறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை குளோரின், பி.எச். பாத்து போர்டுல எழுதி வெக்கறதுக்கு என்ன கேடு? நீச்சல் குளத் தண்ணிக்குன்னே ஐ.எஸ். 3328ன்னு இந்தியத் தரமே இருக்கு. 'குளத்தில் உணவு கொண்டு வரக்கூடாது'ன்னு மட்டும் நாலு மொழில போர்டு வெக்கத் தெரியுது. கிட் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, ஒரே ஒரு சொட்டு விட்டு மஞ்சளாகறதைப் பாக்கற மலிவு கிட், வாராக்கடனையும் சேத்துத்தான் காட்டும். டி.பி.டி.ன்னு கேட்டு வாங்குங்க.

ஆர்வக் கோளாறுல ஆசிடையும் பிளீச்சிங்கையும் ஒரே பக்கெட்ல கலக்கிடாதீங்க சாமிகளா, விஷவாயு வரும். பிளீச்சிங் பவுடரையும் அந்த மாத்திரையையும் சேத்து வெச்சா தீயே புடிக்கும்.

டிஸ்கி: அடுத்த மாசம் மறுபடி ஒரு டிரிப், இந்தத் தடவை ஆழியார் பக்கம். புக் பண்றதுக்கு முன்னாடி உஷாரா ஃபோன் பண்ணிக் கேட்டேன், "ஏனுங்க, ஜக்குசில பி.எச். எவ்வளவுங்க இருக்கும்?"

"பி.எச்.ங்களா... அது வேணும்னா பில்லுல எக்ஸ்ட்ரா வருமுங்க தம்பி."