ஏழைப் பெண்ணின் பருமன்

பணக்காரர் வீட்டு அம்மாள் பருத்தால் "லட்சுமி களை" என்கிறார்கள். கூலிக்காரன் மனைவி பருத்தால் "தின்று கொழுத்தாள்" என்கிறார்கள். அவளோ "என் தலையெழுத்து" என்கிறாள். இம்மூன்றும் பொய் என்பதே நமது அபிப்பிராயம்.

2019-21-இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் மிகை எடையுள்ளவர்கள். 2015-16-இல் இது 31. வசதியுள்ளவர்களிடையே இது அதிகம் என்பது மெய்தான். ஆனால் ரேஷன் அரிசியை நம்பி வாழும் வீடுகளுக்குள்ளும் இது நுழைந்துவிட்டது. அதே 2019-21 கணக்கில் 100-க்கு 53 பெண்களுக்கு இரத்தசோகை. பருமனும் இரத்தசோகையும் ஒரே தேகத்தில் குடியிருப்பதை வைத்தியர்கள் தினமும் பார்க்கிறார்கள். தின்று கொழுத்தவளுக்கு இரத்தம் எங்கே போயிற்று?

அவள் தின்பது என்னவென்று பாருங்கள். முட்டையும் மீனும் புருஷனுக்கும் பிள்ளைக்கும். கடைசியில் உட்காருகிறவளுக்குச் சோறும் அடிச்சட்டிக் குழம்பும். பிள்ளை மிச்சம் வைத்ததையும் அவளே தின்ன வேண்டும். ஏனென்றால் அன்னத்தைக் கொட்டினால் பாவமாம்! அந்தப் பாவத்துக்குப் பயந்து அவள் வயிறே குப்பைத்தொட்டியாகிறது. இந்தப் பாவம் புருஷன் எச்சில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும்போது மட்டும் ஏனோ ஞாபகத்துக்கு வருவதில்லை. விரத நாளிலோ, பகலெல்லாம் பட்டினி. இரவில் வடை பாயசம்.

நிற்க, பிள்ளைப்பேற்றுக்கு வருவோம். பத்தொன்பது வயதில் கலியாணம், இருபதில் ஒரு பிள்ளை, இருபத்திரண்டில் இன்னொன்று. கர்ப்பத்தில் ஏறும் பத்துப் பன்னிரண்டு கிலோவில் ஒரு பங்கு உடம்பிலேயே தங்கிவிடுவது பலருக்கும் உண்டு. அது கரையுமுன் அடுத்த கர்ப்பம், பாக்கியின்மேல் பாக்கி. பெற்றபின் பத்தியம் என்று கீரையையும் பழத்தையும் விலக்கி, நெய்யூற்றிய சோற்றைக் கொடுத்து, மூலையில் உட்காரவைக்கிறார்கள். பிறகு ஆறு மணிக்கு வெளியே கைவீசி நடந்தால் தெருவே பேசும். புருஷன் நடந்தால் அது தேகப்பயிற்சி!

இரண்டாவது பிள்ளையோடு ஆபரேஷன். "அதனால்தான் ஊதிவிட்டாள்" என்று ஊரில் ஒரு பேச்சு. அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சூலகம் அப்படியே இருக்கிறது, அதன் சுரப்பும் நிற்பதில்லை. பருமனுக்குக் காரணம் மேலே சொன்னவைகளும் ஏறிய வயதுமே. ஆனால் பழி ஆபரேஷன்மேல் போகிறது; அதைக் கேட்டு மற்றப் பெண்கள் பயந்து, வேண்டாத மூன்றாவது கர்ப்பத்தையும் சுமக்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு கிராமக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஆபரேஷனுக்குப் பிறகு என் சம்சாரத்துக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, உங்கள் பகுத்தறிவு இதற்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டார். 1930-களிலேயே 'குடி அரசு' கர்ப்பத்தடையைப் பெண் விடுதலைக்காகவே கேட்டது என்று சொல்லி, மேற்படி 2019-21 கணக்கையும் படித்தேன்: மணமான பெண்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 100-க்கு 58, கணவன் செய்துகொண்ட குடும்பம் 1,000-க்கு 1. "ஆண்களுக்குச் சில நிமிஷ வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். நீங்கள் ஏன் செய்துகொள்ளவில்லை?" என்று கேட்டேன். அவர் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.