பீர்தானே சார்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மதுவிலக்குப் பிரசாரம் இல்லை. குடிக்கிறவர்களைத் திட்டுவதும் என் வேலை இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக பேங்கில் குப்பை கொட்டுகிற ஆள் நான். ஒரு சரக்கை (எந்தச் சரக்காக இருந்தாலும் :-)) எப்படி விற்கிறார்கள், என்ன அளவு, என்ன விலை என்று பார்ப்பது தொழில் புத்தி. அந்தப் புத்தியோடு ஸ்ட்ராங் பீரைப் பார்த்ததில் தோன்றியதுதான் இது.

ஸ்ட்ராங் பீர் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனிக்காரன் பல நூறு வருஷமாகக் காய்ச்சுகிறான். அங்கே அதற்கு 'பாக்' என்று பெயர். ஐன்பெக் என்ற ஊரிலிருந்து வந்த பீர், பவேரியாக்காரர்கள் வாயில் 'ஐன் பாக்' ஆகிவிட்டது. அந்த மொழியில் அப்படியென்றால் 'ஒரு கிடா'. அன்றிலிருந்து லேபிளில் ஆட்டுக்கிடா படம்தான். அய்ங்கர் என்ற கம்பெனி தன் 'செலிப்ரேட்டர்' பாட்டிலின் கழுத்தில் ஒரு குட்டி பிளாஸ்டிக் கிடாவையே கட்டித் தொங்கவிடுகிறது.

இதைவிட ஸ்ட்ராங்கானது 'டப்பல்பாக்'. மியூனிக்கில் பவுலானர் சாமியார்கள், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் சாப்பாட்டுக்குப் பதிலாக இதைக் குடித்தார்களாம். 'திரவ ரொட்டி' என்று அதற்கு ஒரு செல்லப்பெயர். பீரின் பெயர் 'சால்வேட்டர்', அதாவது ரட்சகர்! அது நன்றாக ஓடியதும் மற்ற கம்பெனிகளும் ஆப்டிமேட்டர், ட்ரையம்ஃபேட்டர் என்று 'ஏட்டர்' வைத்துப் பெயர் சூட்ட ஆரம்பித்தன. கிட்டத்தட்ட 8 சதவீத ஆல்கஹாலை சாமியார், நோன்பு, ரட்சகர் என்று கதை சொல்லி விற்கிறார்கள். மார்க்கெட்டிங் என்றால் இதுதான் மார்க்கெட்டிங்.

ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு வேலியும் இருக்கிறது. அந்த பீருக்கென்று ஒரு பருவம். 'ஸ்டார்க்பியர் காலம்' என்று நோன்பு நாட்களில்தான் அதற்குத் திருவிழா. மற்ற நாட்களில் அங்கே பெரும்பாலும் ஓடுவது 5 சதவீதம் சுற்றியுள்ள சாதாரண பீர்தான்.

நம்ம ஊருக்கு வந்தபோது கதையும் போச்சு, பருவமும் போச்சு. மிஞ்சியது ஸ்ட்ராங் மட்டும். இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பங்கு ஸ்ட்ராங்தான், அதுவும் வருஷம் முழுக்க. பெயர்களைப் பாருங்கள்: நாக் அவுட், தண்டர்போல்ட், காட்ஃபாதர், ஹேவர்ட்ஸ் 5000. அது என்ன 5000? ரூபாயா, கிராமா, குதிரைசக்தியா? லெட்ஜரில் இப்படி ஒரு எண்ணை யூனிட் இல்லாமல் எழுதினால் ஆடிட்டர் உயிரை எடுத்துவிடுவார். பீர் பாட்டிலில் எழுதினால் அது பிராண்ட்!

விளம்பரத்துக்குத்தான் தடை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1994-ன் கேபிள் டிவி விதிகள்படி மது விளம்பரம் கூடாது. அதனால் என்ன? சோடா, மினரல் வாட்டர், மியூசிக் சிடி, காலண்டர் என்று அதே பெயர் வேறு வேஷத்தில் வீட்டுக்குள் வந்தது. 2005-ல் கிங்ஃபிஷர் விமானமாகவே பறந்தது. 2012-ல் தரை இறங்கியது, எங்கள் துறையின் ஆயிரக்கணக்கான கோடிக் கடனோடு. கடனுக்கு ஈடாக வைத்ததில் அந்த ஏர்லைன்ஸ் பிராண்டும் ஒன்று. 2016 ஏப்ரலில் ரூ.366.70 கோடி அடிப்படை விலையில் அந்த டிரேட்மார்க்குகளை ஏலம் விட்டபோது ஏலம் கேட்க ஓர் ஆள் வரவில்லை. பாட்டில் மேல் இருக்கும்வரைதான் அந்தப் பெயருக்கு மவுசு என்று பேங்குகள் பெரிய ஃபீஸ் கட்டிக் கற்றுக்கொண்டன.

இப்போது திருவனந்தபுரத்துக்கு வருவோம். இங்கே பருவ விற்பனைக்குக் கம்பெனி விளம்பரமே தேவையில்லை, ஓணம் இருக்கிறது. அத்தத்தில் தொடங்கிப் பத்து நாள். திருவோணத்துக்கு முந்தின நாளை 'உத்ராடப் பாச்சில்' என்பார்கள், ஊரே சாமான் வாங்க ஓடும் நாள். 2023 ஓணத்தின் பத்து நாளில் பெவ்கோ விற்பனை ரூ.757 கோடி, உத்ராடம் ஒரு நாளில் மட்டும் ரூ.116 கோடி. எந்த ஊர்க் கடை முதலிடம் என்று (அந்த வருஷம் இரிஞ்ஞாலக்குடா) பேப்பரும் டிவியும் பரீட்சை ரிசல்ட் மாதிரி சொல்கின்றன. தலையில் அடித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். ஆனாலும் ஊர்ப் பெயரோடு வருவதால் கேட்கிறவனுக்கு அது சாதனைப் பட்டியல். பைசா செலவில்லாத விளம்பரம்.

இன்னொன்று. 2014-ல் கேரளாவில் நானூறுக்கும் மேற்பட்ட பார்களின் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. பிறகு ஃபைவ் ஸ்டாருக்குக் கீழே இருந்த மற்ற பார்களும் மூடின. ஆனால் மூடிய பல இடங்கள் 'பீர் அண்ட் வைன் பார்லர்' என்று திரும்பத் திறந்தன. விஸ்கி கூடாது, பீர் ஆகலாம். பீர் என்றால் லேசானது என்று அரசாங்கமே சர்டிபிகேட் கொடுத்த மாதிரி ஆயிற்று. 2017-ல் கொள்கை மாறி பார்கள் திறந்தாலும் அந்த நினைப்பு அப்படியே நின்றுவிட்டது.

எவ்வளவு ஆழமாக நின்றிருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்:

"எம் பையன் குடிக்க மாட்டான் சார். எப்பவாச்சும் பீர் மட்டும்தான்."

"எந்த பீர் அண்ணாச்சி?"

"எதுவா இருந்தா என்ன? பீர்தானே சார்!"

நான் பில் பேப்பரின் பின்னால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ராங் பீர் என்றால் நம் நாட்டு விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல், 8 வரை. பெரிய பாட்டில் 650 மில்லி. 8 சதவீதம் என்றால் சுத்தமான ஆல்கஹால் 52 மில்லி. விஸ்கி, பிராந்தி 42.8 சதவீதம். 30 மில்லி ஸ்மால் பெக்கில் சுமார் 13 மில்லி. 52-ஐ 13-ஆல் வகுத்தால் 4. ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டில் நாலு பெக். இரண்டு பாட்டில் அடித்துவிட்டு "பீர் மட்டும்தான்" என்கிற பையன் எட்டு பெக் அடித்திருக்கிறான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "பைக்குல்லா எடுத்துட்டுப் போறான்..." என்றார்.

அங்கேதான் விஷயம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். ஒரு ஸ்ட்ராங் பாட்டிலை முடித்த சராசரி ஆள் அதைத் தாண்டிவிடுவான். பாட்டில் மேல் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது, சதவீதமும் இருக்கிறது. ஆனால் 8 என்பது 5-ஐவிட மூணுதானே கூட என்று தோன்றும். அந்த மூணு, அறுபது சதவீதம் அதிகம் என்பதை வட்டிக் கணக்குத் தெரிந்தவனே உடனே கவனிப்பதில்லை. கடை விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. "அதே காசு, டபுள் கிக்" என்கிற எண்ணத்தைத்தான் கம்பெனி விற்கிறது.

சிட்னி, மெல்போர்னில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் இந்த பாட்டிலில் எத்தனை 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்று லேபிளில் போட்டே ஆகவேண்டும். பத்து கிராம் ஆல்கஹால் ஒரு டிரிங்க். நான் சொன்ன பாட்டிலுக்கு அங்கே சுமார் 4.1 என்று போட வேண்டியிருக்கும். நம் ஊரிலும் அதைத்தான் கேட்க வேண்டும். தடை வேண்டாம், கோஷம் வேண்டாம். பாட்டிலின் முன்பக்கம், பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில், கொட்டை எழுத்தில் "4 பெக்" என்று போடட்டும். கடன் கொடுக்கும்போது உண்மையான வட்டியைக் காட்டு என்று எங்களைப் பிடித்து ஆட்டுகிறார்களே, அதே நியாயம்தான்.

அதுவரை அந்த லேபிளை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். டெக்னோபார்க் வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். மது வாங்க இங்கே 23 வயது ஆகவேண்டும், அந்த வயதில் அவர்கள் நம் கண் முன்னால் இருப்பதில்லை. "குடிக்காதே" என்று போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவான். கணக்கைச் சொல்லுங்கள். இன்ஜினீயர் பிள்ளை, கணக்கு என்றால் கேட்பான்.