“நடக்கவே முடியாது” என்றவர்கள் மறுநாளே “உண்மைதான்” என்றார்கள்!
கூடங்குளம் கம்ப்யூட்டரில் நுழைந்த திருடனும் நம் செல்போனில் நுழையும் திருடனும்



கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் கள்ளப் புரோகிராம் புகுந்தது. இது யாரோ கட்டிவிட்ட கதையல்ல. அணுமின் கழகமே ஒப்புக்கொண்ட விஷயம். எப்போது ஒப்புக்கொண்டது, எப்படி ஒப்புக்கொண்டது என்பதுதான் கேள்வி.

2019 அக்டோபர் 28-ம் தேதி செய்தி கசிந்தது. 29-ம் தேதி நிலைய நிர்வாகம் அறிக்கை விட்டது. “பொய்ச் செய்தி பரப்புகிறார்கள், எங்கள் கட்டுப்பாட்டுக் கருவிகள் வெளி வலையோடு இணைக்கப்படாதவை, தாக்குதலுக்கு இடமே இல்லை” என்பது அதன் சாரம். 30-ம் தேதி அணுமின் கழகம் வேறு பாட்டுப் பாடியது. கள்ளப் புரோகிராம் இருந்தது உண்மை. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரில் இருந்தது. உலையின் கருவிகளுக்குப் பாதகமில்லை என்றது. சர்க்காரின் ‘செர்ட்-இன்’ அமைப்பு இதைச் செப்டம்பர் 4-ம் தேதியே கண்டு தெரிவித்துவிட்டது என்றும் சொன்னது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் 4 முதல் அக்டோபர் 30 வரை 56 நாட்கள்! அத்தனை நாளும் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. விஷயம் வெளியே வந்ததும் முதல் பேச்சு “பொய்” என்பது. இந்த மூடி மறைக்கும் புத்தி இடிந்தகரை மக்களுக்குப் புதிதல்ல. 2011, 2012-ல் பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்ட மீனவர்மீதும் விவசாயிமீதும் ஆயிரக்கணக்கில் தேசத் துரோக வழக்குப் போட்டவர்கள்தானே!

மறைப்பதால் என்ன ஆயிற்று? அதே அக்டோபர் 19-ம் தேதி இரண்டாவது உலை நின்றது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கு ஆதாரம் கிடையாது. நாம் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் உண்மையைப் பூட்டி வைத்தால் வதந்திதான் வீதியில் நடக்கும். இதற்கு யார் பொறுப்பு?

“நிர்வாகக் கம்ப்யூட்டர்தானே, வெளி வலையோடு தொடர்பில்லாத உலைக்கு என்ன?” என்று பசப்புகிறார்கள். ஈரானில் நத்தான்ஸ் அணு ஆலையும் வெளி வலையோடு இணையாததுதான். 2010-ல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ அங்கே புகுந்து யந்திரங்களைக் கெடுத்தது. பென்டிரைவ் வழியாக நுழைந்ததென்று நிபுணர்கள் கருதுகிறார்கள். பூட்டு இருக்கிறது என்பது மட்டும் பதிலாகாது. சாவி யார் யார் கையில் போய்வருகிறது என்றும் சொல்ல வேண்டும்.

கூடங்குளத்தில் கண்ட புரோகிராமின் பெயர் ‘டிட்ராக்’. தட்டும் எழுத்துக்களைக் குறித்துக்கொள்ளும். பார்த்த பக்கங்களையும் வைத்திருக்கும் கோப்புகளையும் பட்டியல் எடுக்கும். இதன் உறவுக்காரப் புரோகிராம் ஒன்று இந்திய ஏ.டி.எம். யந்திரங்களில் கார்டு விவரங்களைத் திருடியதென்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019-ல் சொன்னது. அணு நிலையத்துக்கும் ஏழையின் கூலிப் பணத்துக்கும் ஒரே கும்பலின் ஆயுதம்!

இந்த ஜாதித் திருட்டுக்கு ‘ட்ரோஜன்’ என்று பெயர். கிரேக்கர் மரக்குதிரைக்குள் ஒளிந்து கோட்டைக்குள் போன கதையிலிருந்து வந்த பெயர். நமக்கு மெய்ப்பொருள் நாயனார் கதை தெரியும். முத்தநாதன் சுவரேறிக் குதிக்கவில்லை. திருநீறு பூசி, சுவடிக் கட்டோடு வாசல் வழியாகவே வந்தான். கட்டுக்குள் கத்தி இருந்தது. ட்ரோஜனும் அப்படித்தான். கதவை நம் கையாலேயே திறக்க வைக்கும்.

இன்று அது கல்யாணப் பத்திரிகை வேஷத்தில் வருகிறது. போக்குவரத்து அபராதச் சீட்டாக, பேங்க் நோட்டீஸாக, விவசாயி உதவித்தொகை ஆப்பாக வருகிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வாட்ஸப்பில் வரும், ஏனென்றால் அவர் போன் முன்பே மாட்டியிருக்கும். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடியும். அதைத் தொட்டு அனுமதி கொடுத்தால் உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸை அது படிக்கும். ஓடிபி திருடனுக்குப் போகும். வாரக் கூலி மாயமாகும்.

உடனே உபதேசம் கிளம்புகிறது: “படிக்காத ஜனங்களின் அஜாக்கிரதை!” அப்படியா? நிபுணர்களும் காவலும் சூழ்ந்த அணு நிலையத்தில் புகுந்தது யாருடைய அஜாக்கிரதை? கூலியைப் பேங்கில் போட்டே தீருவோம், எல்லாம் போனில்தான் என்று கட்டாயப்படுத்தியவர்கள், பணம் போனால் மட்டும் கையை விரிப்பது என்ன நியாயம்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ட்ரோஜன் எடுத்துப் போகும். கொண்டுவந்து வைக்கவும் செய்யும். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சன் கம்ப்யூட்டரில் ‘நெட்வயர்’ என்ற ட்ரோஜன் மூலம் கடிதங்கள் வைக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் ஆய்வு நிறுவனம் 2021-ல் சொன்னது. ஸ்டான் சுவாமியின் கம்ப்யூட்டரிலும் அப்படியே என்று 2022-ல் சொன்னது. என்.ஐ.ஏ. இதை ஏற்கவில்லை. ஆனால் திருச்சிச் சீமையில் பிறந்த அந்த முதியவர், ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5-ல் மறைந்துவிட்டார். சங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்போர் இதை மறக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. வாட்ஸப்பில் வரும் ஏபிகே-யைத் தொடாதீர். அனுப்பியவரை வாயால் பேசிக் கேளுங்கள்.

2. பிளே ஸ்டோர் ஆப்பானாலும், எஸ்.எம்.எஸ். படிக்கவோ திரையைப் பார்க்கவோ காரணமின்றி அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

3. போனையும் கம்ப்யூட்டரையும் அவ்வப்போது ‘அப்டேட்’ செய்யுங்கள். கண்ட பென்டிரைவைச் செருகாதீர்.

4. மாட்டிக்கொண்டால் முதலில் நெட்டை நிறுத்துங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்கள். பாஸ்வேர்டையும் வேறு போனில் மாற்றுங்கள். ஒவ்வொரு நிமிஷமும் காசு.

5. வெட்கப்பட்டு மறைக்காதீர். ஒருவர் சொன்னால் பத்துப் பேர் தப்பலாம்.

சர்க்கார் செய்ய வேண்டியவை: 2019 விசாரணையின் முடிவை, பாதுகாப்பு ரகசியம் நீக்கி, தமிழில் வெளியிடட்டும். ஆலை வாசலிலும் கிராமத்திலும் தமிழில் பயிற்சி நடத்தட்டும். பறிபோன கூலிக்குப் பேங்க் பதில் சொல்லட்டும்.

திருடனுக்குப் பிடித்தது இரண்டு: ஏழையின் அறியாமை, அதிகாரியின் மௌனம். முதலாவதை நாம் ஒழிப்போம். இரண்டாவதை ஒழிக்க ஒன்றுபட்டுக் குரல் கொடுப்போம்!