"சிஸ்டத்துல இருந்துச்சு சார்" என்பது பதில் ஆகாது

"ஹார்டு டிஸ்க் போயிடுச்சு சார். எல்லாம் அதுலதான் இருந்துச்சு. ஒண்ணும் பண்ண முடியாது."

நாகூர் எல்லையிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரைக்கும் இந்த வசனத்தைக் கேட்காத மாதம் இல்லை. போட்டோ ஸ்டுடியோவில் சொல்கிறார்கள். சங்க அலுவலகத்தில் சொல்கிறார்கள். சான்றிதழ் கேட்டுப் போனால் சொல்கிறார்கள். சொல்கிறவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. ஏதோ புயலில் கூரை போன மாதிரி, யார் மேலும் குற்றம் இல்லாத மாதிரி சொல்கிறார்கள்.

புயலை வம்புக்கு இழுக்காதீர்கள் அய்யா. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னதும் நம் கீழவாஞ்சூர் மீனவர் படகை மேட்டில் ஏற்றிக் கட்டுகிறார், வலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். வருமா வராதா என்று தெரியாத புயலுக்கே இவ்வளவு ஏற்பாடு. ஹார்டு டிஸ்க் ஒருநாள் போகும் என்பது வாங்கிய அன்றே தெரிந்த சங்கதி. அதற்கு என்ன ஏற்பாடு செய்தோம்?

அது ஒரு சுழலும் இயந்திரம். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. படிக்கும் முனை, தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் தட்டுக்கு மேலே மிதக்கிறது. அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டி, எத்தனை பழுதாகின்றன என்று கணக்கு வெளியிடுகிறது. குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்திலேயே ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு செத்துப்போகின்றன. நம் ஊரில் உப்புக்காற்று, நினைத்த நேரத்தில் மின்வெட்டு, திரும்பி வரும்போது எகிறும் வோல்டேஜ். இங்கே எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "என்னோடது எஸ்எஸ்டி சார், சுத்தாது" என்கிறார்கள் இளைஞர்கள். சரி, சுற்றாது. ஆனால் அது போகும்போது பெரும்பாலும் சத்தம்கூடப் போடாமல் போகும். அதில் அழித்ததை மீட்பது பழைய டிஸ்கில் மீட்பதைவிடக் கடினம்.

ஆகவே குற்றம் டிஸ்கின் மேல் இல்லை. ஒரே இடத்தில் வைத்தவர் மேல்.

இது ஏதோ புதிய அறிவு என்று நினைக்க வேண்டாம். நம் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் கதையைப் பாருங்கள். கடல் கடந்த காலனிகளின் பதிவேடுகள் கரையானுக்கும் ஈரத்துக்கும் போருக்கும் பலியாகின்றன என்று கண்டு, 1776இல் அவர்கள் அரசர் ஓர் ஆணை போட்டார். பதிவேடுகளுக்குக் கூடுதல் படி எழுதிக் கப்பலில் பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஆணை. அப்படிச் சேர்ந்தவை இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காரைக்காலின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி அலையும் பிரெஞ்சு குடியுரிமைக் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். மின்சாரமே இல்லாத காலத்தில், பாய்மரக் கப்பலை நம்பி அவர்கள் செய்ததை, கையளவு டிஸ்கை மேசையில் வைத்துக்கொண்டு நாம் செய்ய மாட்டேன் என்கிறோம். காலனி ஆட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நல்ல பழக்கம் யாரிடம் இருந்தாலும் நல்ல பழக்கம்தான்.

நம்மிடமும் அது இருந்தது. ஓலைச்சுவடி நைந்துபோகும் முன் புதிய ஓலையில் படியெடுப்பார்கள். படியெடுத்த பிறகு பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவார்கள். காலப்போக்கில் படியெடுக்கும் வேலை நின்றது, ஆற்றில் விடும் சடங்கு மட்டும் மிஞ்சியது. எத்தனை நூல்கள் அப்படிப் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடினாரே, எதற்காக? ஒன்றில் சிதைந்தது இன்னொன்றில் இருக்கும் என்பதற்காக. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது அந்தப் பல படிகளின் புண்ணியம்.

"பத்திரமா பூட்டி வச்சிருக்கோம்" என்கிறவர்களுக்குத் தேவாரக் கதை போதும். தில்லைக் கோயிலில் அறைக்குள் பூட்டிக் காத்த ஏடுகளைத் திறந்தபோது பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். திருடனுக்குத்தான் பூட்டு. கரையான் சாவி கேட்காது.

யாழ்ப்பாணம் சொல்லும் பாடம் இன்னும் கொடியது. 1981 மே 31 இரவு வைத்த தீயில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சான நூலை வேறெங்காவது தேடிப் பிடிக்கலாம். படியே இல்லாத சுவடியை எங்கே போய்த் தேடுவது?

இனி வழக்கமான சமாதானங்களுக்கு வருகிறேன்.

"டி டிரைவ்ல ஒரு காப்பி இருக்கு சார்." அய்யா, பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டரில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க். ஒரே வீட்டுக்குள் இரண்டு அறை. வீடு எரிந்தால் இரண்டும் எரியும்.

"கூகுள்ல ஏறிடுது சார்." ஏறட்டும், நல்லதுதான். ஆனால் ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. போனில் தெரியாமல் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழிகிறது. குப்பைத்தொட்டியில் சில வாரம் கிடக்கும், அப்புறம் அதுவும் இல்லை. இரண்டு ஆண்டு திறக்காத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்று கூகுளே விதி வைத்திருக்கிறது. கணவர் இறந்து, கடவுச்சொல் தெரியாமல், அவர் கணக்கிலிருந்த படங்களுக்காகத் தவிக்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"அவ்வளவு பெரிய டேட்டாவை எங்க சார் காப்பி எடுக்கிறது?" இதே பதிலைத் தென்கொரிய அரசாங்கம் சொன்னது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரத்து அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ஜி-டிரைவ் அழிந்தது. 858 டெராபைட். அளவு பெரிது என்று வெளியே படி எடுத்து வைக்கவில்லையாம். உலகத்துக்கே மெமரி சிப் விற்கும் நாடு அது!

இதற்கு நேர் எதிர் நம் நாட்டிலேயே உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைக் கணினிக் கொள்ளையர்கள் பூட்டினார்கள். சீட்டெழுதிக் காகிதத்தில் வைத்தியம் பார்த்தார்கள். ஆனால் பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வர் தனியாக இருந்தது. இ-ஹாஸ்பிடல் தரவை அதிலிருந்து மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். பாடம் எளிது: எப்போதும் செருகியே இருக்கும் படியையும் கொள்ளையன் பூட்டிவிடுவான். கழற்றி வைத்த படிதான் பிழைக்கும்.

இன்னொரு பாடமும் உண்டு. கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு படி காப்பாற்றியது. திருப்பி ஏற்றிப் பார்க்காத காப்பு, நீந்திப் பார்க்காதவன் நீச்சல் சான்றிதழ் மாதிரி.

அடுத்து, கம்ப்யூட்டர் சரிசெய்யும் தம்பிகளுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். மெஷின் ஓடவில்லை என்று ஒரு பெரியவர் தூக்கிக்கொண்டு வந்தால் முதல் கேள்வி "உள்ளே என்ன இருக்கு?" என்றுதான் இருக்க வேண்டும். பல கடைகளில் முதல் வேலையே ஃபார்மேட். டக், டக் என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். செக் டிஸ்க் ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்கை அது மேலும் வதைக்கும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவாதீர்கள், தேடும் கோப்பின் மேலேயே அது போய் உட்காரும். முதலில் வேறொரு டிஸ்குக்கு முழுப் படி, பிறகு மற்ற வைத்தியம். புது டிஸ்க் போட்டதும் பழையதைப் பெட்டியில் போட்டு உரியவரிடமே கொடுங்கள். மேலோட்டமான ஃபார்மேட் எதையும் அழிப்பதில்லை. காயலான் கடைக்குப் போகும் டிஸ்கில் ஆதார் நகலும் குடும்பப் படமும் சேர்ந்தே போகின்றன.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஊரெல்லாம் டிஸ்க் மாற்றுகிறார்கள், புது விண்டோஸ் ஏற்றுகிறார்கள். புதிய மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே எடுத்துத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அந்த எண் இல்லாமல் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலும் பயனில்லை.

கார்பன் தாள் வைத்து மதிப்பெண் பட்டியலை மூன்று படி எழுதிய தலைமுறை நாங்கள். மூன்றும் ஒரே பீரோவில் இருந்ததில்லை. கணினி உலகமும் சுற்றிச் சுற்றி அதையேதான் சொல்கிறது: மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். நாகூரில் இருக்கும் மகள் வீட்டு அலமாரி போதும். சுனாமி மாதிரி வந்தால் கடலோரம் முழுக்கப் போகும், ஆகவே திருநள்ளாறு பக்கம் சொந்தம் இருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கரையில் 2004 டிசம்பர் 26க்கு முந்தைய ஒரு புகைப்படம்கூட இல்லாத வீடுகள் உண்டு. போன பிள்ளையின் முகத்தை யாரோ ஒருவர் கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் தேடிப் பிடித்து, பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். இன்று அப்படிப்பட்ட படங்கள் எத்தனை ஸ்டுடியோக்காரர்களின் ஒற்றை டிஸ்கில் கிடக்கின்றனவோ!

சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் கோயில், தர்கா, தேவாலய நிர்வாகிகளுக்கும் கடைசியாக ஒன்று. கேமராவுக்குப் பணம் இருக்கிறது, ஃப்ளெக்ஸுக்குப் பணம் இருக்கிறது. இரண்டாவது டிஸ்குக்கு மட்டும் இல்லை என்றால் நம்ப மாட்டேன். அடுத்த பொதுக்குழுவில் யாராவது எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: படி எங்கே இருக்கிறது? கடைசியாக எடுத்த தேதி என்ன? திறந்து பார்த்தது யார்?

பதில் சொல்லத் தெரியாவிட்டால், நம் உறுப்பினர் பட்டியலும் வரவு செலவும் இன்னும் பிழைத்திருப்பது அந்த டிஸ்கின் கருணையால் மட்டும்தான் என்று எழுதி, தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.