ஈ ஓட்டாதீங்க... ஈ கட்டுங்க!

செமஸ்டர் லீவு விட்டாச்சு. ஊருக்குப் போய் இறங்கின முதல் நாள் ராஜ மரியாதை. ரெண்டாவது நாள் 'எத்தனை அரியர்?'னு விசாரணை. மூணாவது நாள்ல இருந்து? திண்ணையில உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த ஈயை ஓட்டாமல் கட்டலாமே என்பதுதான் இந்த வார மேட்டர். 'ஈயைக் கட்டுறதா? என்ன பாஸ், வெயில் தலைக்கு ஏறிடுச்சா?'ன்னு கேட்காதீங்க. நிஜமாவே உலகம் பூரா ஈ கட்டுற கோஷ்டி ஒண்ணு இருக்கு. அவங்களுக்கும் நம்ம திண்டுக்கல்லுக்கும் ஒரு கனெக்‌ஷனும் இருக்கு.

திண்டுக்கல்னா பூட்டு, பிரியாணி... அதோட நிறுத்திடுறோம். இந்த வாரம் சேவல் இறகையும் சேர்த்துக்குங்க.

தூண்டிலில் ரெண்டு ஜாதி

நம்ம ஊர் தூண்டில் உங்களுக்கே தெரியும். ஒரு கம்பு, தங்கூசி நரம்பு, மயில் இறகுக் காம்பில் ஒரு தக்கை, சின்னதா ஈயக்குண்டு, முள்ளில் மண்புழு. தக்கை ஒரு முங்கு முங்கினால் சுண்டி இழுக்க வேண்டியதுதான்.

இன்னொரு ஜாதி 'ஃப்ளை ஃபிஷிங்'. இதில் மண்புழு கிடையாது. முள்ளின் மேலேயே இறகும் நூலும் சுத்தி, பார்க்க ஒரு பூச்சி மாதிரியே செஞ்சுடுவாங்க. அதுதான் 'ஃப்ளை'. அதைச் செய்யறதுதான் ஈ கட்டுற கலை. இறகு பஞ்சு மாதிரி லேசு; தனியா வீசினால் நாலடி கூடப் போகாது. அதனால் நரம்பையே கனமா செஞ்சு, சாட்டை சுழற்றுகிற மாதிரி சுழற்றி வீசுவாங்க. நம்ம தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துட்டுப் போகும். இதில் நரம்புதான் ஈயை இழுத்துட்டுப் போகும். சேவல் இறகின் மெல்லிய மயிர்கள் விரிஞ்சு தண்ணி மேல ஊன்றி நிக்கும். கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு ஏதோ பூச்சி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். லபக்! அதாவது, மீனுக்கே அல்வா கொடுக்கிற வேலை.

ஏதோ வெள்ளைக்காரன் நேத்து கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. சுமார் 1800 வருஷத்துக்கு முன்னால் ஏலியன்னு ஒரு எழுத்தாளர் (வேற்று கிரகத்து ஆள் இல்லீங்க, ரோம்காரர்!) மாசிடோனியா ஆட்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுத்தி, ரெண்டு சேவல் இறகைக் கட்டி மீன் பிடிச்சதை எழுதி வெச்சிருக்கார்.

நம்ம தமிழ்நாட்டுக்கு இந்தச் சங்கதி வெள்ளைக்காரங்களோடதான் வந்தது. குளிருக்கு ஊட்டி ஏறின துரைமார்களுக்குத் தங்கள் ஊர் ட்ரவுட் மீன் ஞாபகம் வந்துடுச்சு. பல தடவை கொண்டுவந்து விட்டுப் பார்த்தாங்க. கடைசியில் ஹெச்.சி.வில்சன் என்பவர் 1907-ல் நீலகிரி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைச்ச பிறகுதான் ட்ரவுட் நிலைச்சு நின்னது. நம்ம மாவட்டத்துக் கொடைக்கானல் ஏரி அதுக்கும் முந்தி, 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உருவாக்கினது. (அப்ப திண்டுக்கல் மாவட்டமே இல்லை. அது மதுரையில் இருந்து பிரிஞ்சது 1985-ல்.)

காட்டுக்கோழிக்கு வந்த கண்டம்

சரி, கனெக்‌ஷன் என்ன? சிறுமலையிலோ பழனி மலையிலோ விடியற்காலம் நடந்து போயிருக்கீங்களா? புதருக்குள்ள இருந்து, பாதியில் நறுக்குனு நின்னு போகிற ஒரு கூவல் கேட்கும். சாம்பல் நிறக் காட்டுக்கோழி. இந்தியத் தீபகற்பத்தை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. சேவலின் கழுத்து இறகைப் பார்த்தால் அசந்துடுவீங்க. நுனியில் மெழுகை உருக்கிச் சொட்டு விட்ட மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாப் பளபளனு புள்ளி. தண்ணிக்குள்ள பார்த்தால் அச்சு அசல் மீன் கண்!

போதாதா? 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சால்மன் மீனுக்கு ஈ கட்டினவங்க இந்த இறகுக்கு அலைஞ்சாங்க. 'ஜங்கிள் காக்'னு பேர். 'ஜாக் ஸ்காட்'னு ஒரு பிரபல சால்மன் ஈ உண்டு. அதில் நம்ம காட்டுக்கோழி இறகு கட்டாயம். ஸ்காட்லாந்து ஆத்தில் ஒரு துரை சால்மன் பிடிக்க, இங்கே மலையில் ஒரு சேவல் செத்துது. அழகா இருக்கிறதே அதுக்குக் கண்டமாயிடுச்சு. இன்னிக்கு 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதுக்குக் காவல் இருக்கு. சர்வதேச வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு. வெளிநாட்டில் இப்போ வளர்ப்புக் கோழிகளில் இருந்துதான் சட்டப்படி எடுக்கணும்.

ஒரு காலேஜ் பையனின் சூட்கேஸ்

இனி சொல்லப்போறதை நல்லா கவனிங்க. ஏன்னா ஹீரோ உங்க வயசுக்காரன். இல்லை... வில்லன்.

எட்வின் ரிஸ்ட். வயசு 20. அமெரிக்கப் பையன். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் புல்லாங்குழல் படிச்சவன். ஈ கட்டுவதில் சின்ன வயசிலேயே கில்லாடி. ஆனால், பழைய காலத்து சால்மன் ஈக்களுக்கு வேண்டிய அபூர்வ இறகுகளை வாங்கக் காசு இல்லை. 2009 ஜூன் மாசம் ஒரு ராத்திரி, கையில் சூட்கேஸோடு ரயில் ஏறி, ட்ரிங் என்கிற ஊரில் இருக்கும் இயற்கை வரலாற்று மியூசியத்துக்குப் போனான். ஜன்னல் கண்ணாடியை உடைச்சு உள்ளே புகுந்தான். 299 பறவைகளின் பாடம் பண்ணின உடல்களை அள்ளிட்டு வந்துட்டான். ஒரு மாசம் வரைக்கும் மியூசியத்துக்கே விஷயம் தெரியாது!

அதில் சில பறவைகள் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் சேகரிச்சவை. டார்வினோடு சேர்த்து பரிணாமக் கொள்கைக்குப் பேர் சொல்லப்படுகிற அதே வாலஸ்தான். எட்வின் என்ன பண்ணினான்? இறகைப் பிடுங்கி இன்டர்நெட்டில் வித்தான். 2010 நவம்பரில் போலீஸ் கதவைத் தட்டியபோது முழுசா கிடைச்சது 174 பறவைதான். அதிலும் சீட்டோடு இருந்தது 102. 'சீட்டு போனா என்ன?'ன்னு கேட்காதீங்க. எந்த ஊர், எந்த வருஷம்னு எழுதின அந்தச் சீட்டு போச்சுன்னா ஆராய்ச்சிக்கு அது வெறும் செத்த பறவை. 2011-ல் கோர்ட் அவனுக்கு 12 மாசம், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்தது. ஜெயிலுக்குப் போகலை.

இதில் என்னை உறுத்துற விஷயம் ஒண்ணு. அவனுக்கு அந்தக் கலை மேல நிஜமாவே காதல். திருடினதும் அந்தக் காதலில் இருந்துதான் ஆரம்பிச்சது.

என் பங்குக்கு ஒரு திருட்டு

'என்னவோ பெரிய யோக்கியன் மாதிரி பேசறியே'ன்னு நினைக்கிறீங்களா? இருங்க, என் கதையையும் சொல்லிடறேன்.

ஏழாவது படிக்கும்போது, லீவுக்கு நத்தம் பக்கம் அம்மாச்சி ஊருக்குப் போயிருந்தேன். கண்மாயில் ஒரு இடத்தில் தண்ணி செக்கச்செவேல்னு கொப்பளிச்சது. விரால் குஞ்சுங்க! விராலுக்கு வெறும் செவுள் போதாது. மேலே வந்து காத்து குடிக்கணும். குஞ்சுங்க நூத்துக்கணக்கில் கூட்டமா வந்து காத்து குடிக்கிறதுதான் அந்தக் கொப்பளிப்பு. கீழேயே பெரிய விரால் காவல் நிக்கும். அந்த நேரம் குஞ்சுக்கு மேல எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ஞ்சு கவ்வும். நான் தவளையைக் கோத்துப் போட்டேன். ஒரே இழுப்பு! கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஊர்வலம் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அம்மாச்சி மீனைப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டுச்சு: "ஏய்யா, குஞ்சோட நின்னதையா புடிச்ச?"

குழம்பு வெச்சுது. எனக்கு நடுத்துண்டமா பார்த்துப் போட்டுது. அது மட்டும் அன்னிக்கு ரசம் ஊத்திச் சாப்பிட்டுது. திட்டலை.

மறுநாள் கண்மாய்க்குப் போனேன். கொக்கும் மீன்கொத்தியும் அந்த இடத்தையே சுத்திக்கிட்டு இருந்துச்சுங்க. மூணாம் நாள் செவப்பே இல்லை. ஒரு மீன் இல்லைங்க, நான் ஒரு கண்மாய் விராலைத் திருடியிருக்கேன்னு புரிய எனக்கு வருஷக்கணக்கு ஆச்சு.

கண்மாயின் காலண்டர்

நம்ம கண்மாய்க்கு ஒரு அகாடமிக் இயர் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்மிஷன். கரந்தமலை, சிறுமலை ஓடைகளில் புதுத்தண்ணி வரும்போது மீன்கள் முட்டையோடு எதிர்நீச்சல் போட்டு ஏறும். அந்த நேரம் வாய்க்காலில் வலையை மறிச்சுக் கட்டினால், அடுத்த வருஷ மீனையும் சேர்த்துப் பிடிக்கிறோம்னு அர்த்தம். தை வரைக்கும் வயலுக்குத் தண்ணி. மாசி, பங்குனியில் தண்ணி வத்தும். சித்திரை, வைகாசியில் முழங்கால் ஆழம் ஆனதும்... ஃபைனல் எக்ஸாம்! அதுதான் மீன்பிடித் திருவிழா.

நத்தம், சாணார்பட்டி பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேணாம். பார்க்காதவங்களுக்காக: முன்னாடியே சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தகவல் போயிடும். அப்போ தண்டோரா, இப்போ வாட்ஸ்அப். விடியறதுக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கில் சனம் கரை மேல வந்து நிக்கும். கையில் வலை, கச்சா, கூடை, ஊத்தா. ஊத்தான்னா மேலேயும் கீழேயும் திறந்த மூங்கில் கூடை. சேத்தில் 'சதக்'னு அமுக்கி, மேல் வாய் வழியா கையை விட்டுத் துழாவணும். கெளுத்தி இருந்தால் முள்ளால் குத்தி வரவேற்கும்!

கண்ணெதிரே மீன் துள்ளுது. ஆனால், ஒரு ஆள் இறங்க மாட்டான். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசணும். வீசின அடுத்த நொடி... 'ஹோ'ன்னு ஒரு சத்தம். கண்மாயே சேறாகிடும். விரால், கெண்டை, குரவை, ஜிலேபினு கிடைச்சதை அள்ளலாம். பல ஊர்களில் அந்த மீனை விக்கக் கூடாதுன்னு வழக்கம். குழம்பு வெச்சு சொந்தபந்தத்தோடு சாப்பிடணும். அப்பத்தான் மழை பெய்யும், வெள்ளாமை செழிக்கும்னு நம்பிக்கை.

மழை வருமா, வராதானு பட்டிமன்றம் வேண்டாம். எனக்குப் பிடிச்சது அந்தத் துண்டுதான். போலீஸ் இல்லை, கேமரா இல்லை. ஒரு முழத் துண்டுக்குக் கட்டுப்பட்டு அத்தனை பேரும் காத்து நிக்கறாங்க. வருஷம் பூரா கண்மாயை விட்டு வெச்சதால்தான் அன்னிக்கு ஊருக்கே மீன். குஞ்சோடு நின்ன விராலைப் பிடிச்ச பையனுக்கும், சூட்கேஸோடு ரயில் ஏறின பையனுக்கும் இல்லாமல் போனது அந்தத் துண்டுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1952-ல் வெளிநாட்டில் இருந்து இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் நம்ம நாட்டு மீனோட இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. அதையும் தூக்கிச் சாப்பிடுறது, தடை செய்யப்பட்டும் அங்கங்கே திருட்டுத்தனமா வளர்க்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி. குட்டையில் இருந்து தப்பிச்சுக் கண்மாய்க்கு வந்தால், அது எந்தத் துண்டுக்கும் கட்டுப்படாது.

இந்த வார ஹோம் வொர்க்

பொருள்கள்: சின்ன தூண்டில் முள், கறுப்புத் தையல் நூல், வீட்டு நாட்டுச் சேவலின் கழுத்து இறகு ஒண்ணு (உதிர்ந்தது போதும், சேவலைத் துரத்தாதீங்க!), தங்கச்சியின் நெயில் பாலிஷ்.

முதலில் முள்ளின் கொண்டியை கட்டிங் பிளேயரால் நசுக்கிடுங்க. சின்ன மீன் மாட்டினால் காயமில்லாமல் கழட்டி விடலாம். அதே பிளேயரில் முள்ளைக் கவ்வக் கொடுத்து, கைப்பிடியில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுத்துங்க. முள்ளின் தண்டு முழுக்க நூலைச் சுத்துங்க. இறகின் காம்பை மேல்பக்கம் வெச்சுக் கட்டுங்க. நுனியைப் பிடிச்சு நாலைந்து சுத்து. மயிரெல்லாம் சிலிர்த்துக்கிட்டு நிக்கும். நூலால் முடிச்சுப் போட்டு, முடிச்சு மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ். முடிஞ்சது!

முதல் ஈ, சாலையில் நசுங்கின கரப்பான் மாதிரிதான் இருக்கும். கவலையே படாதீங்க. அஞ்சாவது ஈ கொஞ்சம் ஈ மாதிரி இருக்கும். கம்பில் கட்டி கண்மாய்க் கரை ஓரமா, ஆழம் தெரிஞ்ச இடமாப் பார்த்துப் போடுங்க. கல் குவாரித் தண்ணிப் பக்கம் மட்டும் தலை வெச்சுப் படுக்காதீங்க, ப்ளீஸ்.

பொடிக்கெண்டை ஏமாந்து கவ்வினால் ஒரு நிமிஷம் ரசிச்சுட்டு விட்டுடுங்க. தண்ணி செக்கச்செவேல்னு கொப்பளிக்கிற இடத்தைப் பார்த்தால் மட்டும் கம்பைச் சுருட்டிட்டு நாலடி தள்ளி உட்காருங்க.

அம்மாச்சி கேட்டால் தைரியமா பதில் சொல்லணும்ல!