இரண்டு தாள் போதும்

வித்துராவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அதே மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளும் வளர்கிறார்கள். புவியீர்ப்பை அவர்கள் மனப்பாடம் செய்தால் போதாது. கண்ணால் காண வேண்டும்.

ஒரே அளவான இரு தாள்களில் ஒன்றைக் கசக்கி, இரண்டையும் ஒன்றாகக் கீழே விடட்டும். எடை ஒன்றே; கசக்கிய தாளே முந்தும். விரிந்த தாளைத் தடுப்பது காற்று என்பதைப் பிள்ளையே கண்டறியும். 1971-இல் காற்றில்லாத நிலவில் டேவிட் ஸ்காட் கைவிட்ட சுத்தியலும் இறகும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

நிலையத்து மாணவர்கள் தோட்டங்களுக்குச் சென்று தமிழிலேயே இவற்றைச் செய்துகாட்ட, நிலையத்தார் ஆவன செய்ய வேண்டும். அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்ததும் பிள்ளையுடன் அமர ஐந்து நிமிடமும் இரண்டு தாளுமே தேவை.